ஷாக் அடிக்காத கரண்டும் தீ வைக்கும்

சென்ற இதழின் கேள்வி பகுதியில் வானூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 'மினி டெம்போவில் சாயங்காலக் கடை போடுகிறேன். பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டால் பேட்டரி தாங்குமா? நானே மாட்டிக்கொள்ளலாமா?' என்று.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: தாங்கும். இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. நானே மாட்டினேன். 2022 ஏப்ரலில் ஒரு விடியற்காலையில் என் மனைவியும் நானும் அந்த வேலைக்கு உயிரையே விலையாகக் கொடுத்திருப்போம்.

எங்களுக்குக் குயிலாப்பாளையத்தில் இரண்டரை ஏக்கர் செம்மண் பூமி. மணிலா, கேழ்வரகு, வரப்போரமாகப் பதினெட்டு முந்திரி மரம். விளைந்ததை மூட்டையாக விற்றால் கட்டுப்படி ஆகவில்லை. அதனால் மணிலாவைச் செக்கில் ஆட்டி எண்ணெயாகவும், கேழ்வரகை மாவாகவும், முந்திரியை உடைத்துப் பருப்பாகவும் விற்க ஆரம்பித்தோம். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இயற்கை விளைபொருள் சந்தை ஒன்றில் இடம் கிடைத்தது.

எங்கள் ஊரை ஒட்டி ஆரோவில் இருப்பதால் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் சுற்ற வைத்திருக்கும் வீட்டு வேன்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். உள்ளேயே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் இருக்கும். 2019-ல் அப்படி ஒன்று விலைக்கு வந்தது. பழைய டீசல் வேன். கட்டிலை அப்படியே வைத்துக்கொண்டு, அடுப்பு இருந்த இடத்தில் மூட்டை அடுக்கப் பலகை அடித்தேன்.

கட்டில் எதற்கு என்றால், எனக்கு அப்போது கண்ணில் புரை. ராத்திரியில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் பட்டால் ரோடே தெரியாது. ஆகவே சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் பக்கம் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிடுவோம். ஒன்பது மணி வரைக்கும் அங்கேயே வியாபாரம். புதுச்சேரிக்குப் போகிற கார்க்காரர்கள் வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். அங்கேயே படுத்து எழுந்து, விடிந்ததும் சென்னைக்குப் போவோம்.

பேட்டரியைக் குடித்த பல்புகள்

வேனுக்குள் தோட்டா வடிவத்தில் ஆறு ரூம் லைட் பல்புகள். ஒவ்வொன்றும் 10 வாட். ஆறும் சேர்ந்து 60 வாட். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். (வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும்.) ஐந்து மணி நேரம் எரிந்தால் 25 ஆம்பியர்-மணி. கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் ஒரு சின்ன ஃபேன், அது 2 ஆம்பியர். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 16. மொத்தம் 41.

என் பேட்டரி 80 ஆம்பியர்-மணி. பாதிதானே போகிறது என்று நினைக்கக்கூடாது. வண்டியைக் கிளப்புவதற்கென்று செய்த பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் குறைந்துவிடும். பழைய பேட்டரியில் எழுதியிருக்கிற அளவு உள்ளே இருப்பதும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டீக்கடைக்காரரும் நான்கைந்து உப்பளத் தொழிலாளர்களும் சேர்ந்து தள்ளிக் கிளப்பினார்கள். சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சந்தைக் கூட்டம் கலைந்துவிட்டது. கொண்டுபோன எண்ணெயில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

பழைய பல்பு ஏன் இவ்வளவு குடிக்கிறது? உள்ளே இருக்கும் டங்ஸ்டன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித்தான் அது வெளிச்சம் தருகிறது. நாம் கொடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. எல்.இ.டி.யில் கம்பியே கிடையாது. சின்னச் சில்லு ஒன்று நீல வெளிச்சம் விடும், அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு அதை வெள்ளையாக மாற்றும். அந்த நீல வெளிச்சத்தைக் கொண்டுவரத்தான் பல வருஷம் பிடித்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அடுத்த வருஷமே நம் நாட்டில் உஜாலா திட்டத்தில் குறைந்த விலைக்கு எல்.இ.டி. பல்பு கொடுக்க ஆரம்பித்து, கிராமத்து வீடுகளிலும் குண்டு பல்பு மறைய ஆரம்பித்தது. வீட்டில் மாறியது வண்டியில் மட்டும் மாறாமல் இருப்பானேன் என்றுதான் நானும் இறங்கினேன்.

நான் செய்த வேலை

கடையில் ஐந்து மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒரு சுருள் வாங்கினேன். பின்னால் பசை இருக்கும், உரித்து ஒட்ட வேண்டியதுதான். வீட்டில் கிடந்த மெல்லிய வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி டெர்மினலில் முறுக்கிச் சுற்றினேன். மறுமுனையை, பக்கக் கதவு ஓரத் தகட்டில் ஒரு ஓட்டை போட்டு, கட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய் சுவிட்சில் கொடுத்தேன். ஃபியூஸ் போடவில்லை. '12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது, இதற்கு எதற்கு ஃபியூஸ்' என்பது என் எண்ணம்.

வெளிச்சம் பிரமாதம். பேட்டரியும் இறங்கவில்லை. ஊரில் நான்கு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஐந்தாவது வாரத்தில் ஸ்ட்ரிப்பில் அங்கங்கே மூன்று மூன்று புள்ளியாக அணைய ஆரம்பித்தது. மலிவு சரக்கு என்று விட்டுவிட்டேன்.

அந்த ஏப்ரல் சனிக்கிழமை வழக்கம்போல வியாபாரம் முடித்து, சுவிட்சை அணைத்து, கொசுவுக்குப் பயந்து கண்ணாடிகளை ஒரு விரல் சந்து மட்டும் விட்டு மூடிவிட்டுப் படுத்தோம். யாரோ வேனின் தகட்டை 'தடதட' என்று அடிக்கும் சத்தத்தில்தான் விழித்தேன்.

"யோவ், உள்ள யாருய்யா? எழுந்திருங்கய்யா, வண்டி பொகையுது!"

கண்ணைத் திறந்தால் எரிந்தது. மூச்சு இழுத்தால் இருமல். பக்கத்தில் மனைவியை உலுக்கினேன், உடனே எழவில்லை. கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்துப் போட்டேன். உள்ளே தலைமாட்டுப் பக்கம் கட்டில் பஞ்சின் ஓரம் சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. அதன் வழியாக ஓடிய வயர் நெருப்புக் கோடாகத் தெரிந்தது. முன்பக்கம் ஓடி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரியில் முறுக்கியிருந்த வயரைப் பிடுங்கினேன். துண்டையும் மீறி இரண்டு விரல் வெந்துபோனது. அதற்குள் தட்டி எழுப்பிய அந்த அக்கா, உப்பளத்துக்குக் கொண்டுபோன குடிதண்ணீர் கேனை அப்படியே பஞ்சின்மேல் கவிழ்த்தார்.

மணி மூன்றரை. வெயில் காலத்தில் உப்பு வாருகிறவர்கள் அந்த நேரத்துக்கே பாத்தியில் இறங்கப் போவார்கள். நெற்றியில் கட்டிய டார்ச்சோடு ரோட்டைக் கடந்தபோது, கண்ணாடிச் சந்தில் வந்த புகை அவர் வெளிச்சத்தில் தெரிந்திருக்கிறது. நாலரைக்கு வந்திருந்தால் என்று இன்றுவரைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு மூட்டை மணிலாப் பருப்பில் புகை வாடை ஏறி ஒன்றுக்கும் ஆகாமல் போனது. மனைவிக்குப் பத்து நாள் இருமல். அதற்கப்புறம் அவள் அந்த வேனில் ஏறவே இல்லை. "நீங்க லைட்டு போட்டீங்களா, கொள்ளி வெச்சீங்களா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

எங்கே தப்பு நடந்தது

புதுச்சேரியில் வண்டி வயரிங் வேலை செய்யும் ஒரு தம்பி வேனை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலாவது, தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போடாதது. கதவு அதிர அதிர, தகட்டின் கூர்முனை வயரின் மேல்தோலை அறுத்துவிட்டது. உள்ளிருந்த செம்புக் கம்பி வண்டி பாடியைத் தொட்டது. வண்டியில் பாடிதான் மைனஸ். ஆக பிளஸ்ஸும் மைனஸும் நேராக ஒட்டிக்கொண்டன.

இரண்டாவது, "சுவிட்சைத்தான் அணைச்சிட்டேனே" என்றேன். அவர் சிரித்தார். சுவிட்சை அணைத்தால் அதற்கு அப்பால்தான் கரண்ட் நிற்கும். பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரைக்கும் வரும் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். அறுந்தது அந்தப் பகுதியில்தான்.

மூன்றாவதும் பெரியதும், ஃபியூஸ். 12 வோல்ட் நம் உடம்புக்குள் பாயாது, உண்மை. ஆனால் வண்டி பேட்டரி என்பது ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்காக நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் தள்ளக்கூடியது. மெல்லிய வயர் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு நேராகச் சேர்ந்தால் அதுவே பல்புக் கம்பி மாதிரி பழுத்துவிடும். ஃபியூஸ் இருந்திருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அறுந்து, வயர் சூடாவதற்கே விட்டிருக்காது. "ஃபியூஸ் லைட்டைக் காப்பாத்த இல்லண்ணா, வயரைக் காப்பாத்த" என்றார் தம்பி.

நான்காவது, உப்புக் காற்று. வாரம் ஒரு ராத்திரி உப்பளத்து ஓரம் நிற்கும் வண்டி அது. முறுக்கிச் சுற்றிய இணைப்புகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. பச்சை பிடித்த இடத்தில் கரண்ட் தடைபடும், தடைபட்ட இடம் சூடாகும்.

அணைந்துபோன புள்ளிகளுக்கும் காரணம் சொன்னார். 12 வோல்ட் வண்டி என்று சொன்னாலும், என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குப் போகிற அழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். மலிவு ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்.இ.டி.யாக ஒரு தடுப்பானோடு கோத்திருப்பார்கள். இரண்டு வோல்ட் ஏறினால் அதில் ஓடும் கரண்ட் ஒன்றரை மடங்கு வரைக்கும் ஏறி, அதிகமாகச் சூடாகி, சீக்கிரம் செத்துப்போகும்.

மறுபடி போட்டது எப்படி

தம்பி செய்ததை அப்படியே எழுதுகிறேன். மினி டெம்போ, டிராக்டர் டிரெய்லர், மூன்று சக்கர வண்டி எல்லாவற்றுக்கும் இதேதான்.

1. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். எனக்கு 5 ஆம்பியர் போட்டார். ஃபியூஸ் தள்ளி இருந்தால் அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பு இல்லை.

2. ஃபியூஸுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். ஃபேனும் விளக்கும் வேண்டாத நேரத்தில் மொத்தமாக அணைத்துவிடலாம்.

3. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், வண்டிக்கென்றே வருகிற நெகிழ்வான வகை. வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறிந்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் பச்சை பிடிக்காது.

4. மைனஸுக்குப் பாடியை நம்பாமல் தனி வயர். துருப்பிடித்த பாடியில் மைனஸ் எடுத்தால் விளக்கு மினுக்கும்.

5. தகட்டைக் கடக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம், அதன்மேல் பிளாஸ்டிக் குழாய். பஞ்சு, சாக்கு, துணி ஓரமாக வயர் போகக்கூடாது.

6. முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டுவதெல்லாம் கிடையாது. எல்லா முனையிலும் நசுக்கி இறுக்கிய டெர்மினல். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். மூன்று மாதத்துக்கு ஒரு முறை துடைத்துப் புதிதாகத் தடவுகிறேன்.

7. விளக்கு வாங்கும்போது மேலே '10–30 வோல்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்குள் கரண்டை அளவோடு விடும் சின்ன சர்க்யூட் இருக்கும். 14 வோல்ட்டிலும் கருகாது. 12 என்று மட்டும் எழுதியிருப்பதை வைத்துவிடுங்கள்.

8. எல்.இ.டி.க்கு பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றிக் கொடுத்தால் எரியாது. எரியவில்லை என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

ஆறு பல்புக்குப் பதில் ஆறு எல்.இ.டி., ஒவ்வொன்றும் 2 வாட். மொத்தம் 12 வாட், அதாவது 1 ஆம்பியர். ஐந்து மணி நேர வியாபாரத்துக்கு முன்பு 25 ஆம்பியர்-மணி போனது, இப்போது 5 போகிறது. விளக்கைவிட ஃபேன்தான் இப்போது அதிகம் குடிக்கிறது. கூலியோடு சேர்த்து எனக்கு மூவாயிரத்துச் சில்லறை ஆனது. எரிந்துபோன மணிலாப் பருப்பின் விலையே அதைவிட அதிகம்.

வியாபாரிகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். வெளிச்சத்தின் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் கலந்த பால் வெள்ளை விளக்கில் முந்திரிப்பருப்பு பழையது மாதிரி வெளிறித் தெரியும், பூச்சியும் மொய்க்கும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்சத்தில் சரக்கு உள்ளபடி தெரியும், பூச்சியும் குறைவு. சரக்கின் நிறம்தான் முக்கியம் என்றால் 'சி.ஆர்.ஐ. 90' என்று எழுதியிருப்பதாகக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே மாற்றுகிற ஆசையில் வெளி விளக்கைத் தொடாதீர்கள். ஹாலஜன் பல்புக்கென்று செய்த ஹெட்லைட் கிண்ணத்தில் எல்.இ.டி.யைத் திணித்தால் வெளிச்சம் கண்டபடி சிதறி, எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். புரை இருந்த கண்ணோடு ரோட்டில் நின்றவன் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் எதுவுமே தெரியாது. இண்டிகேட்டரில் மாற்றினால் அது படபடவென்று வேகமாகச் சிமிட்டும். பல்பு போய்விட்டது என்று பழைய ரிலே நினைத்துக்கொள்வதுதான் காரணம். அதற்கென்று வேறு ரிலே போட வேண்டும்.

புயல் ராத்திரி

உயிரைக் காப்பாற்றிய அக்காவைத் தேடி, ஒரு மாதம் கழித்து ஐந்து கிலோ மணிலாவும் ஒரு புதுக் கேனும் எடுத்துக்கொண்டு போனேன். கேனை வாங்கிக்கொண்டார். "எங்க லைட்டுல ஒயரே இல்லப்பா, அதான் வம்பு இல்ல" என்று நெற்றி டார்ச்சைத் தட்டிக் காட்டினார். பிறகு, "உப்புக் காத்து இரும்பத் தின்னும், செம்பப் பச்சையாக்கும். இங்க நிக்கிற வண்டிய நீதான் பார்த்துக்கணும்" என்றார். வயரிங் தம்பி சொன்னதையே, வயரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவரும் சொன்னார்.

மனைவி மட்டும் வேனில் ஏறவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இரண்டரை வருஷம் சந்தைக்கு மகனோடுதான் போனேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்தும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. எங்களுக்கு 2011 டிசம்பர் 30 தானே புயல் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது சிமினி விளக்கு வெளிச்சத்தில் ராத்திரிகளைத் தள்ளினோம். இந்த முறை சாயங்காலமே கரண்ட் போனது. எங்களுடையது ஓட்டு வீடு. பத்து மணிக்கு மேல் மூன்று இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. என் அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல், நடுங்கிக்கொண்டிருந்தார்.

வேனை மரங்களுக்கு எட்டாத மேட்டில் நிறுத்தியிருந்தேன். அதற்குள் ஒரு சொட்டுகூட ஒழுகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மனைவியேதான் கேட்டாள். "ஏங்க, அந்த ஃபியூஸ் எங்க இருக்கு?"

குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினேன். டார்ச் அடித்து ஃபியூஸைப் பார்த்தாள். கட்-ஆஃப் சுவிட்சை அவளே அழுத்திப் பார்த்தாள். வயர் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அத்தையக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

நான்கு ராத்திரி அம்மாவும் அவளும் வேனில்தான் படுத்தார்கள். இரண்டு விளக்கு மட்டும் எரிந்தது. 4 வாட், மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-மணி. நான்கு ராத்திரிக்கும் சேர்த்து 16. தெருவில் பாதிப் பேர் செல்போனுக்கு எங்கள் வேனில்தான் சார்ஜ் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் காலை சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் கிளம்பியது.

கேள்வி கேட்ட வானூர் நண்பருக்கு: தாராளமாக மாற்றுங்கள். நீங்களே மாட்டத் தெரிந்தால் மாட்டுங்கள். ஆனால் விளக்கு வாங்கப் போகும்போது முதலில் ஃபியூஸையும் ரப்பர் வளையத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் விளக்கைக் கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகாது. வேலை முடிந்ததும் வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, ஃபியூஸ் எங்கே இருக்கிறது, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். நான் அதைச் செய்ய இரண்டரை வருஷம் ஆனது.